பன்னிரண்டு பேருக்கு ஒருவர்: கூலியாட்களைத் தலைவர்களாக்கிய சிற்றாலயங்கள்

தலைமைத்துவப் பயிற்சி என்று சொன்னாலே எங்கட வயது ஆக்களுக்கு ஒரே மாதிரியான படம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு ஹோட்டல் மண்டபம், சுவரில் ஒட்டின பெரிய வெள்ளைத் தாள்கள், கலர் பேனைகள், குழுவாகப் பிரிந்து ஒரு விளையாட்டு, மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் சான்றிதழ், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. நல்ல தலைவருக்கு இருக்க வேண்டிய பத்துப் பண்புகளைத் தாளில் எழுதி ஒட்டியிருப்போம். அடுத்த கிழமை ஊருக்குப் போனால், சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்க ஒருத்தரும் இல்லாமல் கூட்டம் ஒத்திப்போகும்.

அப்படிப் பயிற்சி எதுவும் கிடைக்காத, கிடைப்பதற்கு வழியே இல்லாத சிலரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வயல்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கூலிக்கு வேலை செய்தவர்கள் அவர்கள். வாக்குரிமை இல்லை, காணி இல்லை, பலருக்கு ஒழுங்கான பள்ளிக்கூடமும் இல்லை. ஆனாலும் கூட்டம் கூட்டவும், விதிகள் எழுதவும், காசுக் கணக்கு வைக்கவும், ஆயிரம் பேருக்கு முன்னால் எழும்பி நின்று கதைக்கவும் தெரிந்த ஆக்கள் அவர்களுக்குள்ளே இருந்தார்கள். எங்கே பழகினார்கள் என்று தேடிப் போனால், திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகிறோம்: ஊர்க்கோடியில் இருந்த மெதடிஸ்த சிற்றாலயம்.

சமயம் அவர்களை நல்லவர்களாக்கினது, அதனால் தலைவர்களானார்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. அந்தச் சபைகள் சின்னவை, காசில்லாதவை. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க ஏலாது. அதனால் வேலையெல்லாம் வந்திருந்தவர்களின் தலையில்தான் விழுந்தது.

கப்டன் ஃபோயின் யோசனை

ஜோன் வெஸ்லி இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். 1739இல் பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வெட்டவெளியில் பிரசங்கம் பண்ணத் தொடங்கினார். கூடி வருவதற்கென்று அதே வருடம் நகரில் ஒரு கட்டடத்தையும் கட்டத் தொடங்கினார்கள். கட்டடத்தோடு சேர்ந்து கடனும் எழும்பினது. 1742 பெப்ரவரியில் அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று கதைக்கக் கூடினபோது, கப்டன் ஃபோய் என்ற ஒருவர் ஒரு யோசனை சொன்னார்: எல்லோரும் கிழமைக்கு ஒரு பென்னி தரட்டும். எங்களுக்குள்ளே பலர் சரியான ஏழைகள், அவர்களுக்கு அதுகூடக் கஷ்டம் என்று இன்னொருவர் மறுத்தார். அப்படியென்றால் ஆகவும் ஏழையான 11 பேரை என்னிடம் விடுங்கள், கிழமைக்கு ஒருக்கா அவர்களைப் போய்ப் பார்க்கிறேன், தர ஏலாதவர்களின் காசை நானே போடுகிறேன் என்றார் ஃபோய். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் 11 பேரைப் பொறுப்பெடுத்தார்கள்.

மெதடிஸ்தர்களின் 'வகுப்பு' என்ற அமைப்பு இப்படித்தான் பிறந்தது. கிட்டத்தட்டப் 12 பேர், அவர்களுக்கு ஒரு தலைவர். கடன் அடைக்க வந்த ஏற்பாடு கொஞ்ச நாளில் வேறொன்றாக மாறினது. காசு வாங்க வீட்டுக்குப் போன தலைவருக்கு அந்த வீட்டு நிலைமை தெரிய வந்தது: யாருக்கு வருத்தம், யார் வேலையில்லாமல் இருக்கிறார்கள், எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் சண்டை. இது காசை விடப் பெரிய விசயம் என்று வெஸ்லிக்கு உடனே விளங்கிவிட்டது. எல்லா ஊர்ச் சபைகளுக்கும் இதையே விதியாக்கினார். கிழமைக்கு ஒரு பென்னி, காலாண்டுக்கு ஒரு சிலிங் என்பது மெதடிஸ்தர்களின் வழக்கமான சந்தாவாகிப் போனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு உறுப்பினரையும் விசாரித்து, புதுச் சீட்டுக் கொடுத்தார்கள்.

இந்த வகுப்புத் தலைவர்களுக்குச் சம்பளம் இல்லை. செருப்புத் தைப்பவர்களும் தச்சர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் வகுப்புத் தலைவர்களாக இருந்தார்கள். பெண்களும் இருந்தார்கள். எங்கட ஊர்களில் மரண உதவிச் சங்கத்துக்கு மாதச் சந்தா சேர்க்கப் போனவர்களுக்கு இந்த வேலையின் கஷ்டம் விளங்கும். மூன்று மாதம் கட்டாதவரிடம் முகம் சுழிக்காமல் கேட்க வேண்டும். அவர் தர ஏலாதவரா, தர மனமில்லாதவரா என்று கண்டுபிடிக்க வேண்டும். வாங்கின காசை அன்றைக்கே கொப்பியில் எழுத வேண்டும். எழுதினதை எல்லோருக்கும் முன்னால் வாசிக்கவும் வேண்டும். இதை ஒருவர் பத்து வருடம் செய்தால், அவருக்குத் தலைமைத்துவம் பற்றிப் படிப்பிக்க வேறென்ன மிச்சம் இருக்கிறது?

பெயர் தாளில் ஏறுவது

வகுப்புக்கு அடுத்த படி பிரசங்கம். ஒரு சேகரத்தில் பத்துப் பதினைந்து சிற்றாலயங்கள் இருக்கும், சம்பளம் வாங்கும் போதகர் ஒருவரோ இருவரோதான். ஞாயிற்றுக்கிழமை எல்லா இடத்துக்கும் அவர்களால் போக ஏலாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு தாள் அச்சடித்தார்கள். ஒரு பக்கம் ஊர்ப் பெயர்கள், மேலே திகதிகள், கட்டங்களுக்குள் இலக்கங்கள். ஒவ்வொரு இலக்கமும் ஒரு ஆள். கிழமை முழுக்க வயலில் நின்ற மனிதர், அந்த ஞாயிறு தன்னுடைய இலக்கம் எந்த ஊருக்கு நேரே இருக்கிறது என்று பார்த்து, சில நேரம் பத்து மைலுக்கு மேல் நடந்து போய்ப் பிரசங்கம் பண்ணிவிட்டுத் திரும்பி நடந்து வர வேண்டும். திங்கட்கிழமை விடிய மறுபடியும் வயல்.

ஒருவரும் ஒரே நாளில் இந்தத் தாளில் ஏறவில்லை. முதலில் ஜெபக் கூட்டத்தில் ஜெபம் பண்ண விடுவார்கள். பிறகு சின்னதாகப் புத்தி சொல்ல விடுவார்கள். அதுவும் சரி வந்தால் 'பரீட்சார்த்த' நிலையில் பெயர் ஏறும். மற்றப் பிரசங்கிகள் வந்து பின்னால் இருந்து கேட்பார்கள். காலாண்டுக் கூட்டத்தில் அவரைப் பற்றி விவாதிப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விட்டால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். 'நல்லா செய்தீங்கள்' என்று எல்லோருக்கும் கைதட்டி அனுப்புகிற எங்கட செயலமர்வுகளில் இல்லாத ஒன்று இது. பொறுப்பைத் தந்தார்கள், தந்த பொறுப்புக்குக் கணக்கும் கேட்டார்கள்.

வெஸ்லி 1791இல் இறந்தபிறகு அவருடைய இயக்கம் மெல்ல மெல்ல மரியாதைக்குரிய பெரிய சபையாக மாறத் தொடங்கினது. போதகர்களின் கை ஓங்கினது. 1807 மே 31இல் மௌ கொப் என்ற குன்றில் ஒரு நாள் முழுக்கத் திறந்தவெளிக் கூட்டம் நடந்தது. தச்சு வேலை செய்த ஹியூ போர்னும், மட்பாண்டத் தொழிலாளியான வில்லியம் குளோவ்ஸும் இதோடு சம்பந்தப்பட்டவர்கள். இப்படியான கூட்டங்கள் ஒழுங்கைக் கெடுக்கும் என்று மேலிடம் நினைத்தது. 1808இல் போர்னையும் 1810இல் குளோவ்ஸையும் வெளியேற்றினார்கள். அவர்களுடைய ஆக்கள் சேர்ந்து 1812இல் பிரிமிட்டிவ் மெதடிஸ்தர்கள், அதாவது 'ஆதி மெதடிஸ்தர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

கூலியாட்களின் சபை என்றால் இதுதான். இவர்களுடைய மாநாட்டில் ஒரு போதகருக்கு இரண்டு பொதுநிலையினர் என்ற விகிதம் இருந்தது. பெண்கள் பிரசங்கம் பண்ணினார்கள். சேகரம் சேகரமாகப் பயணம் செய்த முழுநேரப் பிரசங்கிகளிலும் பெண்கள் இருந்தார்கள். ஆனால் அப்படிப் பயணம் செய்தவர்களில் கடைசிப் பெண்ணான எலிசபெத் பல்டிட்யூட் 1862இல் ஓய்வு பெற்றபிறகு அந்த இடத்துக்கு வேறு பெண் வரவில்லை. சபைக்குக் கொஞ்சம் வசதி வந்து, கல் கட்டடமும் படித்த போதகரும் வந்தபோது, மேடையில் பெண்கள் குறைந்து போனார்கள். ஆள் தட்டுப்பாடு இருக்கும்வரை யாருக்கும் கதவு திறந்திருந்தது என்பதற்கு இதை விட வேறு சாட்சி தேவையில்லை.

கட்டடம் கட்டுவதும் சும்மா விசயம் இல்லை. சிற்றாலயத்தின் தர்மகர்த்தாக்களாகக் கையெழுத்துப் போட்டவர்கள், கடனுக்குத் தாங்களே பொறுப்பு. கூலி வேலை செய்பவர் ஒருவர் அப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைப்பதென்றால் எவ்வளவு யோசித்திருப்பார்!

டொல்பட்ல்: பிரசங்கி எழுதின சங்க விதிகள்

தென் இங்கிலாந்தில் டோர்செற் பகுதியில் டொல்பட்ல் ஒரு சின்னக் கிராமம். அங்கே 1818இல் மெதடிஸ்தர்கள் தங்களுக்கென்று ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். மண் சுவர், வைக்கோல் கூரை. ஜோர்ஜ் லவ்லெஸ் அந்த வட்டாரத்தின் சம்பளமில்லாத பிரசங்கிகளில் ஒருவர். வயலில் உழுகிற கூலியாள். தானாகவே படித்தவர், கிடைத்த காசில் சமயப் புத்தகங்கள் வாங்கிச் சேர்த்தவர். அவருடைய தம்பி ஜேம்ஸும் பிரசங்கி. மைத்துனர் தோமஸ் ஸ்டான்ட்ஃபீல்டின் குடும்பமும் மெதடிஸ்தக் குடும்பம்தான்.

1830இல் தென் இங்கிலாந்து முழுக்க விவசாயக் கூலிகள் கலகம் செய்திருந்தார்கள். சூடடிக்கிற இயந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோல் போர்களுக்கு நெருப்பு வைத்தார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி நாடுகடத்தினார்கள். டொல்பட்லில் அதற்குப் பிறகும் கூலி குறைந்துகொண்டே வந்தது. கிழமைக்கு 9 சிலிங், பிறகு 8, பிறகு 7, அடுத்தது 6 என்றார்கள். மற்ற ஊர்களில் கொடுக்கும் கூலியைத் தருவதாகப் பண்ணைக்காரர்கள் வாக்குக் கொடுத்தபோது ஊர்க் குருவானவர் சாட்சியாக இருந்தார், பிறகு அப்படி எதுவும் இல்லை என்று மறுத்துவிட்டார் என்று லவ்லெஸ் பின்னாளில் எழுதினார்.

நெருப்பு வைக்கிற வழி எங்கே போய் முடியும் என்று லவ்லெஸுக்குத் தெரிந்திருந்தது. 1833 கடைசியில் அவரும் கூட்டாளிகளும் விவசாயத் தொழிலாளர்களின் நட்புறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சேருவதற்கு ஒரு சிலிங், பிறகு கிழமைக்கு ஒரு பென்னி. இந்தக் கணக்கை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சங்கத்தின் விதிகளையும் பாருங்கோ. கூட்டத்தில் கூடாத பாட்டுகள் பாடக்கூடாது. அரசியலும் சமயமும் விவாதிக்கக் கூடாது. வன்முறையால் சங்கத்தின் நோக்கம் ஒருநாளும் நிறைவேறாது, அது சங்கத்தையே அழித்துவிடும். ஒரு சிற்றாலயத்தின் ஒழுங்கைத் தொழிலாளர் சங்கத்துக்கு அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். பழகின கை அது.

ஆனால் ஒரு விசயம் அவர்களுக்கு வினையாக வந்தது. சேருகிறவர்களின் கண்ணைக் கட்டி, எலும்புக்கூட்டுப் படம் ஒன்றுக்கு முன்னால் மண்டியிட வைத்து, இரகசியம் காப்பதாகச் சத்தியம் வாங்கினார்கள். அந்தக் காலத்துச் சங்கங்களில் இது வழக்கம். தொழிற்சங்கம் அமைப்பது 1824இலேயே குற்றமில்லை என்று ஆகியிருந்தது. அதனால் அரசாங்கம் வேறு சட்டத்தைத் தேடி எடுத்தது: கடற்படைக் கலகத்துக்குப் பிறகு 1797இல் வந்த சட்டவிரோதச் சத்தியங்களுக்கு எதிரான சட்டம். 1834 பெப்ரவரி 24 விடிய, வேலைக்குப் போக வீட்டை விட்டு வெளிக்கிட்ட லவ்லெஸைக் கைது செய்தார்கள். அவரோடு சேர்த்து மொத்தம் ஆறு பேர். மார்ச்சில் டோர்செஸ்டர் நீதிமன்றத்தில் ஏழு வருட நாடுகடத்தல் தண்டனை. ஜோர்ஜ் லவ்லெஸ் தஸ்மேனியாவுக்கும் மற்ற ஐந்து பேர் நியூ சவுத் வேல்ஸுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

ஏன் இவ்வளவு பயம்? போர்களுக்கு நெருப்பு வைத்தவர்களைக் கையாள அரசாங்கத்துக்குத் தெரியும். படையை அனுப்பினால் முடிந்தது. சந்தா வாங்கி, பற்றுச்சீட்டு எழுதி, விதிகளோடு கிழமைக்குக் கிழமை கூடுகிற கூலியாட்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இது எங்கட வாசிப்பு. ஆனால் அந்தத் தண்டனையின் பாரத்தை வேறு விதமாக விளங்கிக்கொள்வது கஷ்டம்.

அந்த ஏப்ரல் 21ஆம் திகதி லண்டனில் பல்லாயிரம் பேர் திரண்டு ஊர்வலம் போனார்கள். மன்னிப்புக் கேட்ட மனுவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். 1836இல் அரசாங்கம் மன்னிப்பு வழங்கினது. திரும்பி வந்தவர்களில் ஐந்து பேர் கொஞ்சக் காலத்தில் குடும்பங்களோடு கனடாவின் ஒன்ராறியோவுக்குப் போய்விட்டார்கள். இந்த வழக்கு நடந்த காலத்தில் வெஸ்லி மெதடிஸ்தர்களின் மேலிடம் தொழிற்சங்கங்களைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. சிற்றாலயம் உருவாக்கின தலைவர்களைத் தலைமைச் சபை தன்னுடையவர்கள் என்று கொண்டாடவில்லை. கொண்டாட்டமெல்லாம் மிச்சம் பிந்தித்தான் வந்தது.

பலகைமேல் ஏறின வேலி வெட்டி

38 வருடம் கழித்து, வாரிக்‌ஷயர் பகுதியில் ஜோசப் ஆர்ச். 1826இல் பிறந்தவர். ஒன்பது வயதில் வயலில் காகம் விரட்டப் போனவர், நாளுக்கு 4 பென்னி கூலி. வளர்ந்தபிறகு வேலி வெட்டுவதில் பெயர் எடுத்தவர். பிரிமிட்டிவ் மெதடிஸ்தப் பிரசங்கி. 1872 பெப்ரவரி 7ஆம் திகதி பக்கத்து ஊர்க் கூலியாட்கள் அவரைத் தேடி வந்தார்கள். வெல்ஸ்போர்ன் என்ற இடத்தில் ஒரு கூட்டம், நீங்கள் வந்து கதைக்க வேணும் என்றார்கள். முப்பது நாற்பது பேர் வருவார்கள் என்று நினைத்துப் போனார். இருட்டு, ஈரம், பெரிய செஸ்நட் மரம். அதற்குக் கீழே ஆயிரம் பேருக்கு மேல் நின்றார்கள். அவரைக் கொடியேற்றத் தடிகளில் தொங்கின விளக்கு வெளிச்சத்தில், பன்றி வெட்டுகிற பலகை ஒன்றின்மேல் ஏற்றி விட்டார்கள்.

ஏன் ஆர்ச்சைத் தேடிப் போனார்கள்? எழும்பி நின்று கதைக்கத் தெரிந்த கூலியாள் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைப் பல சிற்றாலயங்கள் அறிந்திருந்தன. ஞாயிறு ஞாயிறாக நடந்து போன ஊர்களில் அவர் முகம் தெரிந்த முகம். இன்னொரு காரணமும் உண்டு. அவர் இருந்த வீடு அவருடைய சொந்த வீடு. பண்ணைக்காரரின் வீட்டில் குடியிருந்தவர்களை ஒரு கிழமையில் தெருவில் விடலாம். ஆர்ச்சை விட ஏலாது. திறமையைப் பற்றி மட்டும் எழுதுகிற தலைமைத்துவப் புத்தகங்களில் இந்தச் சொந்த வீட்டைக் காண மாட்டோம்.

அந்த வருடம் மே மாதமே தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1874 அளவில் 86,000 உறுப்பினர்கள் வரை சேர்ந்தார்கள். சங்கக் கிளைகளைத் தொடங்கினவர்களிலும் மேடையில் கதைத்தவர்களிலும் மெதடிஸ்தப் பிரசங்கிகள் எவ்வளவு பேர் என்று நைஜல் ஸ்கொட்லண்ட் என்ற ஆய்வாளர் கிழக்கு இங்கிலாந்தை எடுத்து ஆராய்ந்து 1981இல் ஒரு நூல் எழுதினார். ஞானப்பாட்டு மெட்டுகளில் சங்கப் பாட்டுகளைப் பாடினார்கள். 1884இல் விவசாயக் கூலியாட்களுக்கு வாக்குரிமை கிடைத்தபிறகு, 1885 தேர்தலில் ஆர்ச் பாராளுமன்றத்துக்குப் போனார். சங்கம் மட்டும் நிலைக்கவில்லை. 1874இலேயே பண்ணைக்காரர்கள் சங்கத்தில் இருப்பவர்களுக்கு வேலை இல்லை என்று கதவடைப்புச் செய்தார்கள், அந்த அடியில் தளர்ந்த சங்கம் 1896இல் கலைந்தது.

அதை மறுபடி எழுப்பினவர் நோர்போக் பகுதியின் ஜோர்ஜ் எட்வர்ட்ஸ். எங்களுக்கு இந்த வரலாற்றில் ஆகவும் பிடித்த ஆள் இவர்தான். 1850இல் பிறந்தார். பிள்ளைகளின் பசிக்காகக் கொஞ்சம் டேர்னிப் கிழங்கு எடுத்த குற்றத்துக்கு அப்பா சிறைக்குப் போனார், குடும்பம் ஏழைகள் விடுதிக்குப் போனது. பள்ளிக்கூடத்தை எட்வர்ட்ஸ் கண்டதே இல்லை. 1872இல் சார்லட்டைக் கல்யாணம் செய்தபோது அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அந்த வருடமே பிரசங்கத் தாளில் பெயர் வந்துவிட்டது! என்ன செய்வது? சார்லட் வாசிக்க வாசிக்க, ஞானப்பாட்டுகளையும் வேதபாடத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போய் முதல் ஆராதனையை நடத்தினார். அதற்குப் பிறகு சார்லட்டிடமே எழுத்துப் படித்தார். தகுதி வந்தபிறகு பொறுப்பு என்று சபை காத்திருக்கவில்லை. பொறுப்பு முதலில் வந்தது, எழுத்து பின்னால் வந்தது. 1906இல் அவர் தொடங்கின விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறகு நாடளாவிய சங்கமாக வளர்ந்தது. 1920இல் தென் நோர்போக்கின் பாராளுமன்ற உறுப்பினரானார். சார்லட்டின் பெயர் இந்த வரலாறுகளில் ஒன்றிரண்டு வரிகளில்தான் வருகிறது.

சுரங்கப் பக்கமும் இதே கதைதான். 1831இல் வடகிழக்குச் சுரங்கத் தொழிலாளர்களின் சங்கத்தை நடத்தின தோமஸ் ஹெப்பர்னும், 1919இல் டர்ஹம் மாவட்ட சபையின் தலைவரான பீற்றர் லீயும் பிரிமிட்டிவ் மெதடிஸ்தப் பிரசங்கிகள். பீற்றர் லீயின் பெயரில் இன்றைக்கு அங்கே ஒரு நகரமே இருக்கிறது.

எதிர்க் கேள்விகள்

இதெல்லாம் அழகான கதை, ஆனால் வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் இதைக் கைதட்டி வரவேற்கவில்லை. இங்கிலாந்தில் பிரான்ஸ் மாதிரிப் புரட்சி வராமல் போனதற்கு மெதடிஸ்தமும் ஒரு காரணம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எலி ஹலேவி எழுதினார். ஈ.பி. தொம்சன் 1963இல் வெளிவந்த, ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய தன்னுடைய பெரிய நூலில் இன்னும் கடுமையாகச் சொன்னார்: தொழிற்சாலைக்குத் தேவையான அடக்கத்தையும் நேர ஒழுங்கையும் தொழிலாளியின் மனதுக்குள் கொண்டுபோய் வைத்தது மெதடிஸ்தம்தான். (தொம்சனின் அப்பாவே வங்காளத்தில் மெதடிஸ்த மிஷனரியாக இருந்தவர். வீட்டுக்குள்ளே இருந்து வந்த விமர்சனம்.) ஆனாலும் உள்ளூர்ப் பிரசங்கிகளில் இருந்து தீவிரத் தலைவர்கள் வந்ததை அவரும் மறுக்கவில்லை. ரொபேட் மூர் டர்ஹம் சுரங்கக் கிராமங்களை ஆராய்ந்து 1974இல் எழுதின நூல், அங்கே மெதடிஸ்தத் தலைவர்கள் முதலாளியோடு மோதுவதை விடச் சமரசத்தையே விரும்பினார்கள் என்று காட்டினது.

இந்த விமர்சனங்களை நாங்கள் தள்ளிவிடவில்லை. ஒரு இடத்தில் கூட்டம் நடத்தப் பழகினவர் அந்த இடத்தின் எல்லைகளையும் சேர்த்துத்தான் பழகுகிறார். டொல்பட்ல் சங்கம் அரசியல் கதைக்கக் கூடாது என்று விதி எழுதினதும் அந்தப் பழக்கம்தான். ஆனால் கொப்பி எழுதத் தெரிந்த கை, பிறகு என்ன கொப்பி எழுதும் என்பதை யாரும் முன்கூட்டித் தீர்மானிக்க ஏலாது. சபை மேலிடம் விரும்பாத சங்கங்களைச் சபைக்குள் பழகினவர்களே கட்டினார்கள்.

1995இல் வேர்பா, ஷ்லோஸ்மன், பிராடி என்ற மூன்று அமெரிக்க அரசியல் அறிஞர்கள் இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்த்தார்கள். கடிதம் எழுதுவது, முடிவெடுக்கிற கூட்டத்தில் பங்கெடுப்பது, கூட்டத்தை ஒழுங்கு செய்வது, மேடையில் கதைப்பது: இந்த நான்கையும் மக்கள் எங்கே பழகுகிறார்கள் என்று கேட்டார்கள். வேலைத்தளத்தில் பழகலாம், ஆனால் அங்கே படித்தவர்களுக்கும் பதவியில் இருப்பவர்களுக்கும்தான் அந்த வாய்ப்பு. குறைந்த வருமானக்காரர்களுக்கும் கொஞ்சம் சமமாக அது கிடைத்த இடம் தேவாலயம். அதிலும் பொதுநிலையினருக்கு வேலை தருகிற சபைகளில்தான் கூடுதலாகக் கிடைத்தது.

இங்கே

வெஸ்லியின் ஆக்கள் இலங்கைக்கு வந்து இரண்டு நூற்றாண்டு தாண்டிவிட்டது. 1814 ஜூன் 29இல் காலியில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அந்த வருடமே வந்தார்கள். மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் ஒரு வருடம்கூட இருக்கவில்லை, 1815இல் அங்கேயே இறந்தார். அவர்கள் கொண்டுவந்த பாடசாலைகளைப் பற்றி நாங்கள் நிறையப் படித்திருக்கிறோம். ஆனால் இங்கே வந்த சபை, டொல்பட்லின் மண் சுவர்ச் சபை போல வளரவில்லை. லண்டனில் இருந்து காசு வந்தது, சம்பளத்துக்கு உபதேசியார்கள் இருந்தார்கள், முடிவுகள் மிஷனரிமாரின் கையில் இருந்தன. இலங்கை மெதடிஸ்த திருச்சபை தன்னாட்சியுள்ள மாநாடாக ஆனது 1964இல், வந்து 150 வருடம் கழித்து.

எங்களில் எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லை. சிலர் சின்னச் சபைகளில் வளர்ந்தோம், சிலர் கோயில் தொண்டர் சபையிலும் விளையாட்டுக் கழகத்திலும் நின்றோம். ஒளிவிழாவோ திருவிழாவோ, தொண்டு என்ற பெயரில் இளம் ஆக்களுக்குக் கிடைக்கிற வேலை அநேகமாக ஒன்றுதான்: கதிரை தூக்குவது. அன்னதானத்தில் பரிமாறுவது, சோடனை கட்டுவது, சவுண்ட் செற்காரருக்குப் பின்னால் ஓடுவது. இதெல்லாம் தேவையான வேலைகள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காசுப் பெட்டியும் கூட்டக் குறிப்புக் கொப்பியும் இருபது வருடமாக அதே மூன்று பேரின் வீட்டில்தான் இருக்கும். பொடியளுக்கு அனுபவம் காணாது என்பார்கள். எழுத்துத் தெரியாத எட்வர்ட்ஸுக்குப் பிரசங்கத் தாளில் இடம் கொடுத்த சபையைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்வது?

இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய சபைகளிலும் பெரிய கோயில்களிலும் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. வன்னியிலும் மலையகத்திலும் இருபது குடும்பம் மட்டும் கூடுகிற இடங்களில் அப்படி இல்லை. ஞாயிறு பாடசாலை எடுப்பதும், காணிக்கைக் கணக்கு எழுதுவதும், தகரக் கூரை ஒழுகினால் யாரிடம் போய்க் கேட்பது என்று தீர்மானிப்பதும் அங்கே ஏ.எல். எழுதிவிட்டு இருக்கிற ஒரு பிள்ளையாக இருக்கக் கூடும். அந்தப் பிள்ளைக்கு ஒரு சான்றிதழும் கிடைக்காது. பட்டப்படிப்புக்கு வந்து எங்கட பீடத்து மாணவர் ஒன்றியக் கூட்டங்களில் கொஞ்சம் இருந்து பார்த்தால் தெரியும், வரவு செலவைக் கேள்வி கேட்கிறவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று.

டொல்பட்ல் ஆறு பேரில் ஊரிலேயே தங்கினவர் ஜேம்ஸ் ஹமெற் ஒருவர்தான். அவர் பிரசங்கி இல்லை. சத்தியம் வாங்கின இரவில் அவர் அங்கே இருக்கவேயில்லை, இருந்தது அவருடைய சகோதரர், ஆனாலும் காட்டிக்கொடுக்காமல் தண்டனையைத் தானே ஏற்றார் என்று சொல்கிறார்கள். திரும்பி வந்து கட்டட வேலை செய்து வாழ்ந்தார். 1891இல் டோர்செஸ்டர் ஏழைகள் விடுதியில் இறந்தார். டொல்பட்ல் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைக்கும்போது, தொழிற்சங்கத்தைப் பற்றி யாரும் எழும்பி நின்று கதைத்துவிடக் கூடாது என்று ஊர் நிலப்பிரபு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் 1934இல்தான் வைக்கப்பட்டது.